கரையொதுங்கும் மணிகளும் கடல் கடந்து வரும் பறவைகளும்

நெய்தல் நிலத்தின் இயல்பினைக் கூறவந்த தமிழ் இலக்கண நூலார் அந்நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்திக் காட்டினர். வருணனைத் தெய்வமாகவும், கடற்காகத்தைப் பறவையாகவும், சுறாவை விலங்காகவும், புன்னையை மரமாகவும், மீன் பிடித்தலையும் உப்பு விளைத்தலையும் தொழிலாகவும் அவர்கள் வகுத்தனர். அவ்வரிசையில் அன்று இடம்பெறாத பொருளொன்று இன்று உலகத்துக் கடற்கரைகள் எங்கும் காணப்படுகின்றது. அதுவே பிளாஸ்ரிக். அது நெய்தலில் விளைந்ததன்று. தொழிற்சாலையில் உருவாகி, ஆற்று வழியாகவும் கப்பல் வழியாகவும் கடலை அடைந்து, முடிவில் கரையில் வந்து தங்குவது.

இப்புதுப் பொருளையும் பழைய கருப்பொருளாகிய பறவையையும் ஒருங்கே வைத்து ஆராய்வது பயனுள்ள கல்வியாகும். ஏனெனில் இவ்விரண்டும் தொலைவிலிருந்து வருவன. பருவக்காற்றைத் தழுவி வருவன. கரையின் ஒரே ஓரத்தில் வந்து சேர்வன. அவை சந்திக்கும் இடத்தில் நிகழ்வது யாது? இதனை நேரிற் கண்டறியும் பொருட்டு, மாணவப் பயணி ஒருவன் குறிப்பேடும் தொலைநோக்கியும் கொண்டு சனவரி மாதத்தில் மன்னாருக்குப் புறப்படுகின்றான் என்று கொள்வோம். இலங்கையில் இத்தகைய ஆய்வுக்கு மன்னாரைப் போல வாய்ப்பான இடம் மிக அரிது.

மதவாச்சியைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்லும் பாதை, பெருநிலத்தை விட்டு மன்னார்த் தீவினுள் நுழையும் இடத்தில் ஒரு நீண்ட தாம்போதியின்மேற் செல்கின்றது. அதன் இரு மருங்கும் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பு. அருகேயுள்ள வங்காலைப் பகுதி 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அது ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாரிக்காலத்தில் அந்நீர்ப்பரப்பின்மீது இளஞ்சிவப்புக் கோடு ஒன்று நீண்டு கிடப்பதைப் பயணி காண்பான். தொலைநோக்கியை உயர்த்திப் பார்த்த பின்னரே அது பூநாரைக் கூட்டம் என்பது தெளிவாகும்.

பூநாரை உண்ணும் முறை வியப்புக்குரியது. அது நெடிய கழுத்தை வளைத்து, தலையைக் கீழ்மேலாகக் கவிழ்த்து, அலகை நீரிற் புதைக்கின்றது. தடித்த நாக்கு ஓர் உந்தியைப் போல நீரை உள்ளிழுத்து வெளியேற்றுகின்றது. அலகின் உட்புறத்திற் சீப்பின் பற்களைப் போல நெருங்கியமைந்த மெல்லிய தகடுகள் சிற்றுயிர்களைத் தடுத்து நிறுத்துகின்றன. பூநாரையின் அலகை ஒரு சல்லடை எனலாம். சிறு இறால்களிலும் பாசிகளிலும் உள்ள நிறப்பொருளே அதன் இறகுக்குச் செம்மையைத் தருகின்றது. நீரின் நலமும் பறவையின் நிறமும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

பூநாரையோடு ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் அங்கே கூடுகின்றன. சேற்றின் ஓரத்திலே சிட்டுக்குருவியின் பருமனேயான சின்ன உள்ளான்கள் ஓயாது ஓடித் திரிகின்றன. ஏறத்தாழ 25 கிராம் நிறையுள்ள இச்சிறு பறவை குஞ்சு பொரிப்பது வடமுனையை அடுத்த குளிர்நிலத்தில். அங்கிருந்து வெப்பநாடுகளின் கரைகளுக்கு வந்து, மீண்டும் இளவேனிலில் வடக்கே செல்கின்றது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிற் சில கடற்காகங்களுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தி, 2021ஆம் ஆண்டில் அவற்றின் பயணத்தைப் பின்தொடர்ந்தனர். அப்பறவைகள் இந்தியாவைக் கடந்து, உருசியாவின் வடமுனைப் பிரதேசம் வரை சென்றமை அதனால் உறுதியாயிற்று. நெய்தலின் பறவையென்று இலக்கணம் கூறிய கடற்காகத்தின் உறவினம், ஆண்டின் ஒரு பகுதியைப் பனிநிலத்திலும் மறுபகுதியை நம் கரையிலும் கழிக்கின்றது.

இப்பறவைகளுக்கு மன்னார் வெறுந் தங்குமிடமன்று. அடுத்த பயணத்துக்கான களஞ்சியம். மார்ச், ஏப்பிரல் மாதங்களில் வடக்கே புறப்படுமுன் அவை தம் உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்கொழுப்பே வழியில் அவற்றுக்கு எரிபொருள். போதிய கொழுப்பைச் சேர்க்காத பறவை பாதிவழியில் மடியலாம். அல்லது வடநாட்டை அடைந்தும் முட்டையிடும் வலிமையற்றிருக்கலாம். எனவே இங்கே இப்பறவைகள் உண்பது எது, உண்ணத் தவறுவது எது என்பது சிறிய செய்தியன்று.

இனி, மாணவன் நீர்ப்பரப்பை விட்டுத் தீவின் தென்கரைக்குச் செல்லட்டும். பெருக்கு வற்றிய பின், அலை எட்டிய எல்லையிற் கருங்கோடொன்று கரை நெடுகிலும் கிடக்கும். கடற்புல்லும் பாசியும் உலர்ந்து திரண்ட கோடு அது. கரையோர மக்கள் அதனைச் சாதாழை என்பர். பார்வைக்கு அது குப்பை போலத் தோன்றினும் உண்மையில் ஒரு பெரிய பந்தியாகும். அதன் அடியிற் குதிக்கும் மணற்பூச்சிகளும், ஈக்களின் புழுக்களும், சிறு நண்டுகளும் வாழ்கின்றன. அவற்றைத் தேடியே உப்புக்கொத்தியும் உள்ளானும் இக்கோட்டை விட்டகலாது நடக்கின்றன. கல்திருப்பி உள்ளான் என்ற பறவை தன் தொழிலையே பெயராகக் கொண்டது. அது குறுகிய அலகினாற் கல்லையும் சிப்பியையும் சாதாழையையும் புரட்டிப் புரட்டி, அடியில் மறைந்திருக்கும் உயிரைக் கவ்விக்கொள்கின்றது.

கல்திருப்பி புரட்டிச் சென்ற இடத்தை மாணவன் குனிந்து நோக்குவானாயின், சாதாழையின் இடையே நைலோன் கயிற்றுத் துண்டுகளையும், போத்தல் மூடிகளையும், ஒற்றைச் செருப்புகளையும், கிழிந்த பொலித்தீன் பைகளையும் காண்பான். ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையிற் பரப்பினால், சவ்வரிசியைப் போன்ற வெண்ணிற மணிகள் சிலவும் அகப்படலாம். அவை உருண்டையாயும் தட்டையாயும், இரண்டு முதல் ஐந்து மில்லிமீற்றர் வரை குறுக்களவுடையனவாயும் இருக்கும். பிளாஸ்ரிக் பொருள்கள் யாவற்றுக்கும் மூலப்பொருளாகிய மணிகள் இவையே. வாளியாகவோ போத்தலாகவோ உருப்பெறுமுன்னரே இவை கடலில் விழுந்து கரைக்கு வந்துவிட்டன.

கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் முதியவரிடம் அவன் அம்மணிகளைக் காட்டி, "ஐயா, இவை எப்போது இங்கே வந்தன?" என்று வினவினால், அவர் காற்றைக் கொண்டே காலத்தைக் கூறுவார். "தம்பி, சோளகம் வீசினால் மேற்கே கிடப்பதெல்லாம் தென்கடற் கரையில் ஏறும். வாடை வீசினால் வடகடற் கரையில் ஏறும். நாங்களும் காற்றைப் பார்த்துத்தான் வாடியை மாற்றுகிறோம். இந்த வெள்ளை மணி சோளகத்தோடு வந்தது" என்பார். காற்றைப் பற்றிய இவ்வறிவு ஏட்டிற் படித்ததன்று. ஆயினும் ஏட்டறிவோடு முற்றும் பொருந்துவது.

2025ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, கேரளக் கரைக்கு அப்பால் 'எம். எஸ். சி. எல்சா 3' என்னும் சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அவற்றுட் சிலவற்றில் இருந்த பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கலந்தன. தென்மேற்குப் பருவக்காற்று அப்போது வலுத்திருந்தது. இந்தியாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தால் மணிகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய கரைகளை அடைந்தன. யூன் மாதத்தில் மன்னார்க் கரையிலும் அவை ஒதுங்கின. கப்பல் மூழ்கிய இடத்தை மன்னார் மக்கள் கண்டதில்லை. அதில் ஏற்றப்பட்ட சரக்கினால் அவர்கள் அடைந்த இலாபமும் இல்லை. எனினும் மணிகளைப் பொறுக்கும் வேலை அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

இலங்கைக்கு இது முதல் அனுபவமன்று. 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. பல நாள் எரிந்த பின், யூன் 2ஆந் திகதி அதனை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அது தரைதட்டி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த மணிகளின் நிறை ஏறத்தாழ 1,680 தொன். ஒரு மணியின் நிறை 25 மில்லிகிராம் என்று கொண்டால், அவற்றின் எண்ணிக்கை ஆறாயிரங் கோடியைக் கடக்கும். உலகில் அதுவரை நிகழ்ந்த மணிக்கசிவுகளுள் இதுவே மிகப் பெரியது. நீர்கொழும்பை அடுத்த சரக்குவைக் கரையில் மணிகள் பனிபோலக் குவிந்து கிடந்தன. கடற்படையினரும் தொண்டர்களும் சல்லடை கொண்டு மணலை அரித்தனர். மீன்பிடித் தடையினால் மீனவக் குடும்பங்கள் வருவாயிழந்தன. இவ்வழக்கினை விசாரித்த இலங்கை உயர் நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கப்பலுக்குரியோர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

மணிகள் ஏன் இவ்வளவு தூரம் செல்கின்றன என்று சிலர் வினவலாம். பொலித்தீன் கடல்நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆதலால் மிதக்கின்றது. அதனை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்கள் கடலில் இல்லையென்றே சொல்லத்தக்க அளவுக்கு அரியன. வெயிலும் அலையும் அதனைச் சிறு துண்டுகளாக உடைக்கின்றனவேயன்றி அழிப்பதில்லை. இதற்கு மேலும் ஒரு தீங்குண்டு. கடல்நீரிற் கலந்துள்ள சில நச்சு இரசாயனங்கள் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களில் எளிதில் ஒட்டுவன. பிளாஸ்ரிக் மணி அவற்றைத் தன்மீது ஈர்த்துச் சேர்த்துக்கொள்கின்றது. தோக்கியோ விவசாய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹிதேசிகே தக்காடா இவ்வியல்பையே ஓர் ஆராய்ச்சிக் கருவியாக்கினார். 2005ஆம் ஆண்டு முதல், உலகின் பல கரைகளிலிருந்து பொதுமக்கள் பொறுக்கி அனுப்பும் மணிகளைச் சோதித்து, எக்கடலில் எந்நஞ்சு எவ்வளவு உண்டு என அவருடைய குழுவினர் வரைபடம் அமைத்துள்ளனர். மாணவன் கையிலுள்ள மணியும் இவ்வாறு ஓர் ஆராய்ச்சிப் பொருளாகலாம்.

பறவை ஏன் இதனை விழுங்குகின்றது? அறிவின்மையால் என்று விடை கூறுவது எளிது. ஆயின் அது சரியான விடையன்று. பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள மிட்வே தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே லேசன் அல்பட்ரோஸ் என்னும் பெருங் கடற்பறவைகள் இலட்சக்கணக்கிற் கூடுகட்டுகின்றன. பறக்கும் மீன்கள் கடலில் மிதக்கும் பொருள்களில் முட்டைகளை ஒட்டிவைப்பது வழக்கம். ஆதலால், மிதப்பதைக் கவ்விக்கொள்வது அப்பறவைக்கு நெடுங்காலமாக உணவு தந்த வழி. முன்னாளில் மிதந்தவை மரத்துண்டும் நுரைக்கல்லும் போன்றன. இன்று மிதப்பது பிளாஸ்ரிக். தாய்ப்பறவை அதனை விழுங்கி வந்து குஞ்சின் வாயிற் கக்குகின்றது. இவ்வினத்தின் இறந்த குஞ்சுகளின் வயிற்றிற் பிளாஸ்ரிக் இருந்தமையை ஆய்வாளர்கள் 1960களிலேயே கண்டு, 1969ஆம் ஆண்டில் அறிக்கையிட்டனர். வயிறு நிறைந்தும் உடல் மெலியும் அவலம் அன்றே பதிவாயிற்று.

மணமும் ஏமாற்றுகின்றது. கடற்பாசி சிதையும்போது ஒருவகைக் கந்தக மணம் எழும். அம்மணமுள்ள இடத்திற் சிறு இறால்கள் உண்டு என்பதைப் பல கடற்பறவைகள் அறிந்துள்ளன. கடலில் மிதக்கும் பிளாஸ்ரிக்கின்மேற் பாசி படியும்போது அதிலிருந்தும் அதே மணம் வருவதை 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. மணத்தைப் பின்பற்றி இரைதேடும் இனங்களே பிளாஸ்ரிக்கை மிகுதியாக உண்கின்றன என்பதும் அதிற் புலனாயிற்று. உலகத்துக் கடற்பறவைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு ஏற்கெனவே பிளாஸ்ரிக்கை உண்டிருக்கும் என்று 2015ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது.

எனினும் மாணவன் இங்கே நிதானமாகச் சிந்திக்க வேண்டும். ஆழ்கடற் பறவையின் உணவுமுறை வேறு. கரைப்பறவையின் உணவுமுறை வேறு. சேற்றினுள் அலகைச் செலுத்தித் தொட்டுணர்ந்து புழுவைப் பிடிக்கும் உள்ளான், மிதக்கும் மூடியை விழுங்குவதில்லை. சல்லடை அலகுடைய பூநாரையோ தான் வடிப்பதைக் கண்ணாற் கண்டு பிரிப்பதில்லை. ஒவ்வோர் இனமும் எங்கே, எவ்வாறு, எதனை உண்கின்றது என்பதை அறிந்த பின்னரே அதற்குரிய ஆபத்தை அளக்கலாம். வடகடல் நாடுகள் இவ்வழியில் முன்சென்றுள்ளன. கரையில் இறந்தொதுங்கும் புல்மார் என்னும் பறவைகளின் வயிற்றைச் சோதித்து, பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகளில் 0.1 கிராமுக்கு அதிகமான பிளாஸ்ரிக் இருத்தலாகாது என்று அந்நாடுகள் ஓர் அளவினை வகுத்துள்ளன. பறவையின் வயிறே அங்கே கடலின் தூய்மைக்கு அளவுகோல்.

விழுங்குவது ஒன்றே ஆபத்தன்று. அறுந்து கைவிடப்பட்ட நைலோன் வலை, கடலில் ஆண்டுக்கணக்காக மீனையும் ஆமையையும் பறவையையும் பிடித்துக்கொண்டேயிருக்கும். பருத்தி வலையும் சணல் வலையும் பயின்ற காலத்தில் இழந்த வலை சில திங்களில் உக்கிப்போகும். நைலோன் உக்காது. கரையிற் கிடக்கும் இழை கல்திருப்பியின் காலிற் சுற்றிக்கொண்டால், இறுகி அக்காலையே அறுக்கும். வலையை இழந்த மீனவனுக்கு அது பொருள் நட்டம். கடலுக்கோ நீடித்த தீங்கு.

இனி, துப்புரவு பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். கரையைச் சுத்தஞ் செய்ய எண்ணுவோர் சிலர், இயந்திரத்தைக் கொண்டு மேல்மணலை முழுவதும் வழித்தெடுத்துவிடுகின்றனர். அப்போது பிளாஸ்ரிக்கோடு சாதாழையும் போய்விடுகின்றது. பறவையின் பந்தியும் அதனோடு நீங்குகின்றது. கரை வெண்மையாய்த் தோன்றும். ஆனால் வடக்கிலிருந்து பசியோடு வந்த பறவைக்கு அங்கே ஒன்றும் இராது. ஆகவே பிளாஸ்ரிக்கைக் கையாற் பொறுக்குதலும், மணிகளைச் சல்லடையில் அரித்தலும், சாதாழையைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுதலும் முறையாகும். அலை எல்லைக் கோட்டிற் கிடக்கும்வரையே மணியைப் பொறுக்க முடியும். காற்று அதனை மணலிற் புதைத்த பின், அல்லது பறவை அதனை விழுங்கிய பின், மனிதக் கைக்கு அது எட்டாது.

மாணவர் செய்யத்தக்க எளிய ஆய்வொன்றுண்டு. கரையில் நூறு மீற்றர் நீளத்தை அளந்து இரு முனையிலும் கோல் நட வேண்டும். மாதந்தோறும் ஒரே நாளில், வற்று நேரத்தில், அவ்வெல்லைக்குள் ஒதுங்கிய பொருள்களை வகை பிரித்து எண்ண வேண்டும். மூடி எத்தனை, கயிறு எத்தனை, பை எத்தனை, மணி எத்தனை என்று தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். காற்றின் திசையையும், அங்கு மேய்ந்த பறவைகளின் இனத்தையும் தொகையையும் பக்கத்திலே குறிக்க வேண்டும். ஈராண்டு இவ்வாறு தொடர்ந்தால், எக்காற்று எதைக் கொணர்கின்றது, எப்பறவை எக்காலத்தில் அதனை எதிர்கொள்கின்றது என்பது தெளிவாகும். 1943ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைப் பறவைக் கழகத்தினர் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். பாடசாலைகளின் குறிப்பேடுகள் அத்தகைய முயற்சிக்குத் துணையாகும்.

எண்ணிப் பார்த்த மாணவன் மற்றோர் உண்மையையும் உணர்வான். கப்பல் மணிகள் ஒரு பேரிடரின் விளைவு. ஆனால் மூடியும் பையும் சோற்றுப்பொதி சுற்றிய தாளும் அன்றாடப் பழக்கத்தின் விளைவு. சோறு பொதியும் பொலித்தீன் தாளை இலங்கை அரசாங்கம் 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, கடைத்தெருவில் நடப்பது வேறு என்பதைக் கரையிற் கிடக்கும் தாளே சொல்லும். கப்பல்களைப் பொறுத்தவரையில், மணிகளை உறுதியான பொதிகளில் அடைத்து, இயன்றவரை மேற்தளத்துக்குக் கீழே அடுக்கவேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் நிறுவனம் 2024ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. பரிந்துரையாக வந்த அது கட்டாய விதியாதல் வேண்டும் என்பதே கடலோர நாடுகளின் நியாயமான கோரிக்கை. மன்னார் போன்ற கரைகளிலிருந்து ஒழுங்காக எடுக்கப்படும் கணக்குகள், அக்கோரிக்கைக்குச் சான்றாக நிற்கும்.

வடநாட்டுப் பறவைகள் ஏப்பிரலில் திரும்பிச் செல்லும். சோளகம் மே மாதத்தில் வீசத் தொடங்கும். பின்னர் மீண்டும் முதற் பறவைகள் வந்திறங்கும். பறவைகள் இல்லாத அந்த இடைக்காலமே கரையைச் சீர்செய்ய ஏற்ற பருவம். அப்போது ஒதுங்கும் மணிகளை அப்போதே அகற்றிவிட்டால், வருகின்ற விருந்தாளிகளுக்குப் பந்தி தூய்மையாக இருக்கும். கரையோரக் கிராமங்களின் மீனவர் சங்கங்களும் பாடசாலைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் இக்காலத்தை மனத்திற்கொண்டு ஒன்றுகூடி முயன்றால், சல்லடையும் சாக்கும் சில மணிநேர உழைப்புமே இதற்குப் போதுமானவை.